வாடகைக்கு விட வீடு: சொந்தப் பணமா, கடனா? கேள்வி பதில்

கையில் 40 லட்சம் இருக்கிறது சார். முழுப் பணமும் கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு அந்த வீட்டின் மேலேயே கடன் எடுத்துப் பணத்தைத் திருப்பிக்கொள்ளலாமா?

எடுக்கலாம். கிரயமான சில மாதங்களுக்குள் போனால் சில வங்கிகள் வீட்டுக்கடனாகவே தரும். தாமதித்தால் சொத்து அடமானக் கடன்தான், வட்டி கூடும். சிக்கல் வருமான வரியில்தான். வாடகையில் வட்டியைக் கழிக்க, அந்தக் கடன் வீடு வாங்குவதற்கென்றே வாங்கியதாக இருக்கவேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கி முடித்த வீட்டுக்கு அதை நிரூபிப்பது கஷ்டம். ஆகவே முதலில் கடன், பிறகு கிரயம். பணம் எஃப்.டி.யில் (வங்கி நிரந்தர வைப்பில்) இருந்தால் உடைக்காதீர்கள். அதன்மேல் கடன் எடுத்து விற்பவர் பெயரில் டி.டி. வாங்குங்கள். வழக்கமாக 90 சதவீதம் வரை கிடைக்கும், வட்டி எஃப்.டி. விகிதத்தைவிட 1 முதல் 2 சதவீதம் கூடுதல். எஃப்.டி. வட்டிக்கான வரி தனி, அது தப்பாது.

இருக்கும் வீட்டை அடமானம் வைத்து இன்னொன்று வாங்கினால் வட்டிக்கு வரிக்கழிவு உண்டா?

உண்டு. எதை அடமானம் வைத்தீர்கள் என்பதல்ல, பணம் எங்கே போனது என்பதே கணக்கு. சம்பளமும் மளிகைச் செலவும் ஓடும் கணக்கில் அதைக் கலக்காமல் நேராக விற்பவருக்கு அனுப்புங்கள். பழைய வரிமுறையில் வாடகை போக மிஞ்சும் நஷ்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் கழியும். புதிய முறையில் அதுவும் இல்லை.

எங்கள் பிரைவேட் லிமிடெட்டில் பணம் சும்மா கிடக்கிறது. எனக்கே கடனாக எடுக்கலாமா?

வேண்டாம். 10 சதவீத வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குத் தரும் கடன், கம்பெனியில் சேர்ந்த லாபம் வரை டிவிடெண்டாகக் கருதப்பட்டு வரி விழும். இயக்குநருக்குக் கடன் தருவதை கம்பெனிச் சட்டம் 185-ம் பிரிவும் பொதுவாகத் தடுக்கிறது.

அப்பாவிடம் கடன் வாங்கினால்?

தாராளமாக. வங்கி வழியாக, புரோநோட்டு எழுதி. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கூடாது. ஆண்டுதோறும் வட்டிச் சான்று வாங்குங்கள், அவரும் அதை வருமானத்தில் காட்டவேண்டும். பின்னால் வங்கிக் கடன் எடுத்து அப்பாவுக்கு அடைத்தாலும் கழிவு தொடரும். நேரடி வரிகள் வாரியம் 1969-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

கடனை வட்டி குறைந்த வங்கிக்கு மாற்றி, டாப்-அப்பும் (அதன்மேல் கூடுதல் கடனும்) வாங்கலாமா?

மிதக்கும் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) என்றால் பழைய வங்கி அபராதம் கேட்கக்கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் எம்.ஓ.டி.யை (வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணத்தை) புதிதாகப் பதியவேண்டும்: கடனில் 0.5 சதவீத முத்திரைத்தீர்வை, உச்சவரம்புக்கு உட்பட்டு, பதிவுக் கட்டணம் தனி. மிச்சமாகும் வட்டியில் இதைக் கழித்துப் பார்த்துவிட்டு மாறுங்கள். பழைய எம்.ஓ.டி.க்குக் கடன் தீர்ந்த ரசீதைப் பதியாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும், விற்கும்போதுதான் தெரியவரும். டாப்-அப்பில் கல்யாணச் செலவு செய்தால் அந்தப் பகுதி வட்டிக்குக் கழிவு கிடையாது.