மினஸ்க்யூலில் 'மினி' இல்லை

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில், மிகச் சிறியதைக் குறிக்கும் மினஸ்க்யூல் என்ற சொல்லை எம்-ஐ-என்-ஐ என்று தொடங்கி எழுதினாள். தப்பு என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். மினி என்றால் சின்னதுதானே? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படிச் சொல்லலாம்?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நான்காவது எழுத்து ஐ அல்ல, யூ. இந்தச் சொல்லுக்கு வேர் லத்தீன் மொழியின் 'மினஸ்'. நாம் கழித்தலுக்குச் சொல்லும் மைனஸ்தான் அது. 'குறைவானது' என்று பொருள். அதோடு, சிறுமையைக் காட்டும் 'குலுஸ்' என்ற விகுதி சேர்ந்து 'மினுஸ்குலுஸ்' ஆனது. 'சற்றே சிறியது' என்று அர்த்தம். மாலிக்யூலின் வாலிலும் இதே விகுதிதான். ஆகவே மகள் முதலில் மைனஸ் என்று ஐந்து எழுத்தை எழுதட்டும், பிறகு சி-யூ-எல்-இ சேர்க்கட்டும். பிழையே வராது. வாசிக்கும்போது மட்டும் 'மை' வேண்டாம், 'மி'தான்.

காது ஏமாற்றுவதால்தான் இந்தப் பிழை வருகிறது. இப்போது அழுத்தம் முதல் அசையில் விழுவதால் யூ மங்கி, ஐ போலக் கேட்கிறது. மினி, மினிமம் என்ற பழக்கமும் கையை இழுக்கிறது. ஆங்கிலேயரே 19ஆம் நூற்றாண்டிலிருந்து இப்படித் தவறாக எழுதிவருகிறார்கள். சில அகராதிகள் அதையும் மாற்று வடிவமாகக் காட்டுகின்றன. தேர்வில் அதை நம்ப வேண்டாம்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இது அளவைக் குறிக்கவில்லை, எழுத்தைக் குறித்தது. நாம் ஸ்மால் லெட்டர் என்கிறோமே, அதுதான் மினஸ்க்யூல், கேப்பிடலுக்கு மஜஸ்க்யூல். மேற்கு ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் மன்னன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிறிஸ்தவ மடங்களில் உருவாகிப் பரவிய தெளிவான கையெழுத்துமுறைக்குக் கரோலிஞ்சியன் மினஸ்க்யூல் என்றே பெயர். இன்றைய சிறிய எழுத்துகளின் வடிவம் அதிலிருந்து வந்தது. தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால் இந்தப் பொருள் நமக்கு எளிதில் பிடிபடுவதில்லை. 'மிகமிகச் சிறிய' என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டது. அதிலேயே 'மிக' இருப்பதால் முன்னால் 'வெரி' சேர்க்கக் கூடாது.

தமிழில் 'இம்மியளவு' என்பேன். இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. நம் பழைய பின்னக் கணக்கில் முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/1,02,400, அதில் 21இல் ஒரு பங்கு இம்மி, அதாவது 1/21,50,400. எழுத்தைக் குறித்தால் மட்டும் 'சிறிய எழுத்து' என்று எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் மினியேச்சர் ஓவியமும் மைனஸில் பிறந்ததுதானா?
- வாசகர், நகரி, ஆந்திரம்

பதில்: இல்லை. மினியம் என்பது ஈயத்திலிருந்து எடுக்கும் செந்நிறப் பொடி. ஐரோப்பியச் சுவடிகளில் தலைப்பெழுத்துகளை அதனால் சிவப்பாகத் தீட்டினார்கள். அந்த வேலையைக் குறித்த சொல்லிலிருந்து இத்தாலிய மொழியில் 'மினியத்தூரா' வந்தது. சுவடியில் வரைந்த படங்கள் சிறியவை. மைனஸ், மினிமம் போன்ற சொற்களின் சாயலும் சேர, மினியேச்சருக்குச் 'சிறியது' என்ற பொருள் ஏறிவிட்டது. அதைச் சுருக்கியதுதான் மினி. கொழிஞ்சாம்பாறை மாணவியை ஏமாற்றிய அந்த 'மினி'க்கு வேர் சிவப்புச் சாயம்.