24 மாத ஒப்பந்தம், ஒன்பதாம் மாதத்தில் விலை கூடினால்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். 24 மாத ஒப்பந்தத்தில் போஸ்ட்பெய்ட் டேட்டா பெக்கேஜும் ரவுட்டரும் எடுத்தேன். மாதம் 2,300 ரூபாய் வந்த பில் ஒன்பதாம் மாதத்தில் 2,690 ஆகிவிட்டது. ஒப்பந்தம் முடியுமுன் விலையைக் கூட்ட முடியுமா? கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்?

பதில்: கூட்டலாம், ஆனால் கம்பனி தன் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. கட்டண மாற்றத்துக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். ‘24 மாத ஒப்பந்தம்’ என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட்டிருப்பதாகத்தான் எவரும் நினைப்பார்கள். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் பொடி எழுத்தைப் படித்தால், கட்டுப்பட்டிருப்பது பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான். கட்டணமும் வரியும் இடையில் மாறலாம் என்று கம்பனி தனக்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கும்.

ஆனால் அந்த 390 ரூபாயும் கட்டண உயர்வுதானா என்று முதலில் பாருங்கள். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் மாதப் பில்களை அருகருகே வைத்து, மொத்தத் தொகையை விட்டுவிட்டு வரி வரியாக ஒப்பிடுங்கள். மாத ரெண்டல் (பெக்கேஜுக்கான நிலையான மாதக் கட்டணம்) மாறாமல் கீழே வேறொரு தொகை புதிதாக முளைத்திருந்தால், அது யாரோ போனில் ‘ஓகே’ அழுத்தியதால் ஏறிய கூடுதல் சேவையாக இருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லலாம், கேட்காமல் ஏற்றியிருந்தால் பணத்தைத் திருப்பியும் கேட்கலாம். ‘தள்ளுபடி’ என்று முன்பு கழித்திருந்த தொகை காணாமற் போயிருந்தால், சேரும்போது கொடுத்த சலுகைக் காலம் முடிந்திருக்கிறது. கடையில் விற்றவர் சலுகையைச் சொல்லியிருப்பார், அது எத்தனை மாதத்துக்கு என்பதைச் சொல்லியிருக்கமாட்டார். மாதத்தின் நடுவில் பெக்கேஜை மாற்றியிருந்தால் பழையதற்குச் சில நாள், புதியதற்குச் சில நாள், அடுத்த மாதத்துக்கு முன்பணம் என்று மூன்றும் ஒரே பில்லில் வரும். அது அந்த ஒரு மாதத்தோடு சரி.

ரெண்டல் தொகையே கூடியிருந்தால், கூடியது அரசாங்க வரியா, கம்பனியின் கட்டணமா என்று பிரிக்க வேண்டும். வரி என்றால் கணக்கு எளிது. 2024 ஜனவரி 1இல் வற் (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, வரியில்லாமல் 2,000 ரூபாயான ஒரு பெக்கேஜ் 2,300இலிருந்து 2,360 ஆக வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் வற்றைக் காரணம் காட்ட முடியாது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2022 செப்டெம்பர் 1இல் வற் 12இலிருந்து 15 ஆனது. 5ஆம் திகதி முதல் மொபைல், புரோட்பேண்ட் கட்டணங்களை 20 சதவீதம் கூட்ட ஆணைக்குழு அனுமதித்தது. மற்ற வரிகளைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், 1,120 ரூபாய் கட்டியவர் 1,380 கட்ட வேண்டி வந்தது. இருபது என்று அறிவித்துவிட்டு இருபத்துமூன்று எடுக்கிறார்கள் என்று அப்போது பலர் சண்டை பிடித்தார்கள். கணக்கு சரிதான்: கூடிய கட்டணத்தின் மேல் கூடிய வரி.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் ‘எவ்வளவு கூடும் என்று ஒப்பந்தத்தில் தொகையாக எழுதாமல் கூட்டவே ஏலாது’ என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது அந்த நாட்டு விதி. 2025 ஜனவரி 17க்குப் பிறகு அங்கே எடுக்கும் ஒப்பந்தங்களில், இடையில் கூடும் தொகையைப் பவுண், பென்ஸில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதை இங்கே கொண்டுவந்து வாதாடினால் நேரம்தான் வீண்.

இங்கே எடுபடுவது எழுத்து. ஹொட்லைனில் பேசினால் ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்ற பதிலோடு முடியும், பிறகு நீங்கள் பேசியதற்கே சாட்சி இருக்காது. ஆகவே கம்பனியின் மின்னஞ்சலுக்கோ கிளைக்கோ தமிழிலேயே இப்படி எழுதுங்கள்:

‘எனது இணைப்பு இலக்கம் இது. இந்தத் திகதியில் 24 மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். மாத ரெண்டல் இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் கூடியுள்ளது. இந்த மாற்றம் எந்தத் திகதியில், எந்த வழியில் எனக்கு அறிவிக்கப்பட்டது? ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனையின் கீழ், ஆணைக்குழுவின் எந்த அனுமதியின்படி செய்யப்பட்டது? நான் கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியை அனுப்பவும். இன்று விலகினால் செலுத்த வேண்டிய தொகையையும் தெரிவிக்கவும்.’

முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் வாங்குங்கள். கம்பனியிடம் முதலில் முறையிட்டீர்களா என்றுதான் ஆணைக்குழு கேட்கும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ 1900க்கு அழையுங்கள், அல்லது கொழும்பு 08, எல்விட்டிகல மாவத்தையிலுள்ள ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். மூன்று பில், படிவம், முறைப்பாட்டு இலக்கம், வந்த எஸ்எம்எஸ்களின் ஸ்கிரீன்ஷொட் ஆகியவற்றை இணையுங்கள். விற்றவர் ‘இரண்டு வருசத்துக்கு விலை மாறாது’ என்று விளம்பரத்திலோ வட்ஸ்அப்பிலோ சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் கையிலுள்ள பெரிய ஆதாரம். அதை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கும் முறையிடலாம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இணைப்பு யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது? நம் பக்கத்தில் மச்சானின் பெயரில் எடுத்து அக்கா பாவிப்பது சாதாரணம். பதிவில் உள்ளவர் கையெழுத்திடாத முறைப்பாட்டை எவரும் கவனிக்கமாட்டார்கள். அவர் கட்டாருக்குப் போயிருந்தால் முதலில் பெயரை மாற்றுங்கள்.

கட்டாமல் விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். முதலில் இணைப்பைத் தடுப்பார்கள், பிறகு துண்டிப்பார்கள். ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள் என்றாகி, நிலுவையோடு விலகல் கட்டணமும் உங்கள் தலையில் விழும், வக்கீல் கடிதமும் வரலாம். சிம்மைக் கழற்றி எறிவதும் அப்படியே, மாதாமாதம் பில் ஏறிக்கொண்டிருக்கும். கேள்விக்குரிய 390 ரூபாயை ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு முழுத் தொகையையும் கட்டுவதுதான் பாதுகாப்பு. வென்றால் அடுத்த பில்லில் கழிப்பார்கள்.

விலகுவதா என்பதைக் கோபத்தில் முடிவெடுக்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாம் மாதத்தையும் சேர்த்து 16 மாதம் மிச்சம், 390 வீதம் 6,240 ரூபாய். விலகல் கட்டணம் 7,500 என்று பதில் வந்தால் இருப்பதே இலாபம். 3,000 என்றால், அதோடு அதே டேட்டாவை மலிவாகத் தரும் வேறு பெக்கேஜும் இருந்தால், விலகலாம். நடுவழி ஒன்றும் உண்டு: அதே கம்பனியில் சிறிய பெக்கேஜுக்கு இறங்குவது. ஒப்பந்தத்தில் உள்ளவருக்கு இதை அனுமதிப்பார்களா என்று அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். தையல் கடைக்கு வட்ஸ்அப்பும் டிசைன் பார்ப்பதும்தான் வேலையென்றால், போன மூன்று மாதப் பாவனையைப் பாருங்கள். கட்டும் டேட்டாவில் பாதிகூடச் செலவாகாமல் இருக்கலாம்.

விலகினால் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் சார்ஜரோடு கிளையில் ஒப்படைத்து, தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும் நிலுவையில்லை என்ற கடிதமும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.