1920களில் அமெரிக்க மேடைகளில் ஆடிய கறுப்பினக் குழந்தைகளின் வாழ்க்கை எப்படி இருந்தது?

கேள்வி கேட்டவர் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கோட்டு சூட்டு போட்ட சின்னப் பையன் ஒருவன், காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் டான்ஸ் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். "அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்களா?" என்றும் கேட்டிருக்கிறார். ஜாஸ் காலத்து ஆட்டங்களைப் பல வருடங்களாகத் தேடித்தேடிப் பார்ப்பவன் நான். எனக்கு மிகவும் பிடித்த டாப் டான்ஸ் ஜோடியான நிக்கலஸ் சகோதரர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் ஃபேயார்ட் பிறந்தது 1914இல், தம்பி ஹெரால்ட் 1921இல். அப்பா யுலிசிஸ் டிரம்ஸ் வாசிப்பவர், அம்மா வயோலா பியானோ. ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பினக் கலைஞர்கள் ஆடிய ஸ்டாண்டர்ட் தியேட்டரில், மேடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் இவர்களுடைய இசைக்குழு வாசிக்கும். அப்பாவும் அம்மாவும் அங்கே வேலையில் இருக்க, ஃபேயார்ட் முன்வரிசையில் உட்கார்ந்து, வந்துபோகிற ஒவ்வொரு ஆட்டக்காரரையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு வாத்தியார் என்று யாரும் கிடையாது. தியேட்டரில் பார்த்ததை வீட்டில் ஆடிப் பார்ப்பான், அவனைப் பார்த்துத் தம்பி ஆடுவான். தங்கை டாரதியும் கொஞ்ச நாள் இவர்களோடு ஆடினாள். அப்பா பையனிடம் சொன்னது ஒன்றுதான் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கிறது: ஆடும்போது உன் காலைப் பார்க்காதே, எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்.

1932இல் இருவரும் காட்டன் கிளப்பில் சேர்ந்தார்கள். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெமில், ஓனி மேடன் என்ற தாதா நடத்திய இடம் அது. மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த காலத்திலும் அங்கே மது ஓடியது. ஆடியவர்கள், பாடியவர்கள், பரிமாறியவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். மேஜை போட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள். நிகழ்ச்சிகள் நள்ளிரவைத் தாண்டியும் நடக்கும். அப்போது ஹெரால்டுக்கு வயது பதினொன்று. என் பையனுக்கும் இப்போது அதே வயதுதான். இரவு ஒன்பதரை ஆனால் சோறு பிசைந்த கையோடு தட்டின் மேலேயே தூங்கி விழுகிறான். ஹெரால்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்துவிடும்.

இன்னொரு விஷயம். அந்த கிளப்பில் ஆடும் பெரியவர்கள் வாடிக்கையாளர்களோடு கலந்து பழகக் கூடாது. இந்த இரண்டு பையன்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மேஜைகளுக்குப் போய்ப் பேசலாம். அவர்களுடைய அம்மாவைப் போன்ற ஒரு கறுப்பினப் பெண்மணி காசை நீட்டினாலும் இடம் கிடைக்காத அந்த மேஜைக்கு, பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

சரி, இவர்களுக்காவது பெற்றோர் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். பின்னாளில் பாடகராகவும் ஆட்டக்காரராகவும் புகழ்பெற்ற சாமி டேவிஸ் ஜூனியர் கதை வேறு. 1925இல் ஹார்லெமில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோர் பிரிய, அப்பா அவரைத் தன் நடனக் குழுவோடு ஊர் ஊராகக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. குழந்தைகளை மேடையேற்றக் கூடாது என்ற சட்டம் பல இடங்களில் இருந்ததால், வாயில் ஒரு சுருட்டைச் செருகி, 'ஆடும் குள்ளன் சைலன்ட் சாம்' என்று விளம்பரம் செய்து தப்பித்தார்கள். யாராவது நிறத்துக்காக அவமானப்படுத்தினால், அவர்களுக்குப் பொறாமை என்று அப்பாவும் குழுத் தலைவர் வில் மாஸ்டினும் சமாளித்துவிடுவார்கள். 1940களில் ராணுவத்துக்குப் போனபோதுதான் நிறவெறியின் முழு முகம் அவருக்குத் தெரிந்தது. அத்தனை வருடம் இருவரும் அந்தப் பிள்ளையை அதிலிருந்து பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறார்கள். சட்டத்தை ஏய்த்தது தப்புதான், ஆனால் அவர்களை என்னால் கடிந்துகொள்ள முடியவில்லை.

மேடையை விடச் சினிமாவில்தான் அவமானம் கூடுதல் என்பது என் எண்ணம். 'அவர் கேங்' (Our Gang) என்ற சிறுவர் நகைச்சுவைக் குறும்படங்களில் ஃபரீனாவாக வந்த ஆலன் ஹாஸ்கின்ஸ் 1922இல் நடிக்கத் தொடங்கியபோது இரண்டு வயதுக் குழந்தை. தலை முழுக்கக் குட்டிக் குட்டிப் பின்னல், கந்தல் உடுப்பு, ஆணா பெண்ணா என்றே தெரியாத வேஷம். 1931 வரை நூற்றுக்கும் அதிகமான படங்கள். கண்ணீர் வரச் சொன்னால் அந்த நொடியே வரவழைக்கத் தெரிந்த நடிகன். வளர்ந்த பிறகு அவனுக்கு ஹாலிவுட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி வேஷம் கிடைக்கவில்லை. பிற்பாடு கலிஃபோர்னியாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்தார்.

சந்தோஷமாக இருந்தார்களா என்றால், ஃபேயார்ட் 2006இல் இறந்தார், வயதான காலத்திலும் அந்த முன்வரிசை இருக்கையைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசியவர் அவர். ஆட்டத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை என்றே நம்புகிறேன். ஆனால் வளர்ந்து ஹாலிவுட் போனபோதும் நிக்கலஸ் சகோதரர்களுடைய நடனங்களைக் கதையோடு ஒட்டாமல் தனியாக வைத்தார்கள். நிறவெறி மிகுந்த அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்களில் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் படத்தை ஓட்ட அதுதான் வசதி.

நேரம் கிடைத்தால் 1943இல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தில் இந்தச் சகோதரர்கள் ஆடும் படிக்கட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள். அந்தப் படத்தின் முக்கியக் கலைஞர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு படியிலும் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதித்து, கால்களை அகல விரித்துத் தரையோடு தரையாக இறங்கி, கையை ஊன்றாமல் எழுந்து நிற்பார்கள். அப்போது அவர்களுடைய கண்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள்.