போர் முடிந்த தேதி, அதிகாரம் திரும்பிய தேதி

கேள்வி: போர்க்காலத்தில் நாட்டைக் காக்க அரசு தற்காலிகமாகச் சில அதிகாரங்களை எடுத்துக்கொள்கிறது. அதிலும் உள்நோக்கம் தேடும் உங்களுக்கு எந்த அரசின் மீதும் நம்பிக்கையே வராதா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: உள்நோக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்சியில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு வேண்டாம். 'தற்காலிகமாக' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கல்யாணத்துக்கு அண்டா இரவல் வாங்கினால், பந்தி முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். நம் அரசுகள் எப்போது திருப்பித் தந்தன?

சீனப் போருக்காக 1962 அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நவம்பர் 21-ஆம் தேதியே சீனா போரை நிறுத்திவிட்டது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில், விசாரணையின்றி அடைக்க வழிசெய்த இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி உள்ளே போனவர்கள் யார்? 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகக் கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அதே ஆண்டு கேரளத் தேர்தலில் மார்க்சிஸ்ட் வேட்பாளர்கள் பலர் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார்கள். இமயத்தில் இறங்கிய படையைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, மொழிக்காகத் தெருவில் இறங்கியவர்கள் மேல் பாய்ந்தது.

அடுத்தது 1971. டிசம்பர் 3-இல் நெருக்கடி நிலை, 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 13 நாள் போர். அந்த நெருக்கடி நிலையை விலக்கவே இல்லை. அது இருக்கும்போதே, 1975 ஜூன் 25 இரவில் அதன் தலைமேல் இன்னொன்றை ஏற்றினார்கள். இரண்டும் போனது 1977 மார்ச்சில், இந்திரா காந்தி தேர்தலில் தோற்ற பிறகு.

ஜூன் மாதம் வந்தால் 'அப்போது ரயில்கள் நேரத்துக்கு ஓடின' என்று எனக்கு எழுதும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு என் சண்டை பழையது, ஓயப்போவதும் இல்லை. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் (விசாரணையின்றி அடைக்கும் சட்டத்தில் பிடிபட்டவர்கள்) வாங்கிய அடியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அவர்கள் ரயிலுக்கு வரட்டும். அந்த அடியை விசாரித்தவர் நீதிபதி மு.மு.இஸ்மாயில், கம்பனைக் கரைத்துக் குடித்த மனிதர். கம்பன் விழாவில் அவரைப் போற்றியவர்கள் அவருடைய விசாரணை அறிக்கையையும் படித்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாமா என்ற வழக்கில் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் நடந்தது இன்னும் கொடுமை. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட நீதிமன்றத்துக்குப் போக முடியாதா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை முடியாது என்றார் அரசு வழக்கறிஞர் நிரேன் டே. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பெழுதினார்கள், கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி இன்னொருவருக்குப் போனது.

தற்காலிகம் என்றதும் வருமான வரி ஞாபகம் வருகிறது. பிரான்சோடு நடந்த போருக்காக 1799-இல் பிரிட்டனில் பிரதமர் பிட் அதைக் கொண்டுவந்தார். 1816-இல் ரத்தானது. 1842-இல், மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று பிரதமர் பீல் திரும்பக் கொண்டுவந்தார், இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது 1860-இல் வந்தது, 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவை நம்மிடமே வசூலிக்க. ஐந்தாண்டுக்கு என்றார்கள். 1865-இல் நின்றது, பிறகு வேறு பெயர்களில் வந்து வந்து 1886-இல் நிரந்தரச் சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

பணம் போனால் போகட்டும். இலங்கையில் 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. மூன்று ஆண்டுக்குத்தான் என்றார்கள். 1982-இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரை மாற்றவில்லை. விசாரணையின்றி 18 மாதம் வரை (2022-இல்தான் அது 12 மாதமானது) அடைத்துவைத்த அந்தச் சட்டத்தில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளின் இளமை போயிற்று!

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். 1978-இல் அரசியல் சட்டத்தில் 44-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்த ஜனதா ஆட்சியினரில் பலர் நெருக்கடி நிலையில் சிறையிலிருந்து வந்தவர்கள். அதுவரை, நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புக்கொண்டால் நெருக்கடி நிலைக்கு முடிவுத் தேதியே கிடையாது. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்புதல் வாங்க வேண்டும், உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் முடக்கக் கூடாது என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். எழுதும்போது அவர்களே ஆட்சியில் இருந்தார்கள். தங்கள் அரசையும் சேர்த்தே நம்பாமல்தான் அதை எழுதினார்கள்.