எட்டா, ஆறா? போட்டிக்கு ரிவால்வர் வாங்கும் முன்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒன்றரை வருடமாக எங்கள் ஊர் கிளப்பில் யூ.எஸ்.பி.எஸ்.ஏ துப்பாக்கி சுடும் போட்டிகளில் 9 எம்.எம் பிஸ்டலோடு கலந்துகொள்கிறேன். இப்போது ரிவால்வர் பிரிவுக்கு மாறலாம் என்று ஆசை. ஸ்மித் அண்ட் வெஸன் 686, 625, 627, 929 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. எதை வாங்குவது? நண்பர் ஒருவரிடம் பழைய, ஆறு தோட்டா 686 சும்மா கிடக்கிறது. அதை வைத்து ஆரம்பிக்கலாமா?"

கடையில் எல்லா ரிவால்வரும் நன்றாகத்தான் இருக்கும். அதன் லட்சணம் தெரிவது தோட்டா தீரும்போதுதான். பிஸ்டலில் நீங்கள் ஒரு ஸ்டேஜுக்கு, அதாவது போட்டியின் ஒரு சுற்றுக்கு, ஒன்றிரண்டு முறை மேகசின் மாற்றிப் பழகியிருப்பீர்கள். ரிவால்வரில் ரீலோட் செய்வதுதான் ஆட்டமே. அதனால் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் விதிப்புத்தகத்தில் ஒரு வரியைப் பாருங்கள். யூ.எஸ்.பி.எஸ்.ஏ-வில் ஒரு பெரிய ஸ்டேஜுக்கு அதிகபட்சம் 32 தோட்டா. ஆனால் ஓர் இடத்தில் நின்றபடி எட்டு குண்டுக்கு மேல் பதிக்கவேண்டி வராது. எட்டு தோட்டா ரிவால்வர்காரர் நின்ற இடத்தில் எட்டையும் முடித்து, அடுத்த இடத்துக்கு நடந்துகொண்டே நிரப்பிக்கொள்வார். ஆறு தோட்டாக்காரர் ஆறோடு நின்று, அங்கேயே நிரப்பி, மிச்சம் இரண்டைச் சுட்டுவிட்டுத்தான் நகர முடியும்.

"ஆனால் ஆறுக்கு மேஜர் உண்டே" என்பார்கள். உண்மைதான். ரிவால்வர் பிரிவில் ஆறு தோட்டா வரை மேஜர் என்ற கூடுதல் மதிப்பெண் கிடைக்கும், பவர் ஃபேக்டர் (தோட்டாவின் வலுவைக் காட்டும் எண், கணக்கு பின்னால் வருகிறது) 165 இருந்தால். ஆறைத் தாண்டினால் மைனர் மட்டும்தான். அதற்கு 125 போதும். இலக்கு அட்டையில் 'ஏ' வட்டாரத்துக்கு இரண்டிலும் 5 புள்ளி. 'சி'க்கு மேஜரில் 4, மைனரில் 3. 'டி'க்கு 2, 1.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு இடங்கள், இடத்துக்கு எட்டு, மொத்தம் பதினாறு குண்டு. இருவருமே பன்னிரண்டு 'ஏ', நான்கு 'சி' சுட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மேஜர்காரருக்கு 76 புள்ளி, மைனர்காரருக்கு 72. எட்டு தோட்டாக்காரர் 14 நொடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர், அதாவது புள்ளியை நொடியால் வகுத்தது, 5.14. ஆறு தோட்டாக்காரர் நின்ற இடத்திலேயே இரண்டு ரீலோட் கூடுதலாகச் செய்தாக வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றுக்கு மூன்று நொடி என்றால் 20 நொடி ஆகிறது. 76-ஐ 20-ஆல் வகுத்தால் 3.8. நான்கு புள்ளி லாபத்துக்கு ஆறு நொடி செலவு. போட்டி முழுக்க இதுதான் கதை.

யூ.எஸ்.பி.எஸ்.ஏ 2014-இல் எட்டு தோட்டாவை அனுமதிப்பதற்கு முன் நிலைமை வேறு. அப்போது 625 ராஜா. .45 ஏ.சி.பி தோட்டா குட்டையாகவும் குண்டாகவும் இருக்கும். மூன் கிளிப் என்ற மெல்லிய உலோகத் தகட்டில் ஆறையும் கோத்துப் போட்டால் தானாக உள்ளே விழும். முதல் உலகப் போரில் பிஸ்டலுக்கான அந்தத் தோட்டாவை ரிவால்வரில் போடவேண்டி வந்தபோது, கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸனும் தயாரித்த 1917 மாடலுக்காகப் பிறந்தது இந்தக் கிளிப் குடும்பம். அப்போது அரை வட்டம், கிளிப்புக்கு மூன்று தோட்டா. 1999-இல் ஜெர்ரி மிக்குலெக் ஒரு 625-ஐ வைத்து ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டு முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 2.99 நொடி. அதைப் பார்த்துவிட்டு 625 வாங்கியவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். கை மிக்குலெக்குடையது இல்லை என்பது மறுவாரமே தெரிந்துவிட்டது. இன்றும் அது எனக்குப் பிடித்த துப்பாக்கிதான், ஆனால் இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

ஏழு தோட்டா 686 பிளஸும் வேண்டாம். ஆறைத் தாண்டியதால் மேஜர் போச்சு. எட்டைத் தொடாததால் நின்ற இடத்து ரீலோடும் தீரவில்லை. வீட்டுக்கு நல்ல துப்பாக்கி, இந்தப் போட்டிக்கு இரண்டும் கெட்டான்.

ஆக மிஞ்சுவது 627-ம் 929-ம். இரண்டுமே பெரிய 'என்' ஃபிரேம், இரண்டுமே எட்டு. இங்கே கேள்வி துப்பாக்கி அல்ல, தோட்டா. நீங்கள் வீட்டில் தோட்டா தயாரிப்பவரா, கடையில் பெட்டி வாங்குபவரா?

கடைத் தோட்டாதான் என்றால் 9 எம்.எம் 929. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தோட்டாவே போதும். அதன் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் அமரும் உருளை, டைட்டானியம். எடை குறைவு என்பதால் வேகமாகச் சுடும்போது சுழன்று நிற்பது எளிது. சுத்தம் செய்யும்போது உரசித் தேய்க்காதீர்கள். இதில் இரண்டு சங்கடம் உண்டு. 9 எம்.எம் தோட்டாவின் உலோகக் கூடு நேரானது அல்ல, வாய்ப்பக்கம் லேசாகக் குறுகுவது. சில சமயம் சுட்ட கூடுகள் சிலிண்டரின் அறையைப் பிடித்துக்கொண்டு வெளியே வர அடம்பிடிக்கும். இன்னொன்று, பிஸ்டலுக்காகச் செய்த தோட்டாவில் ரவையை (கூட்டின் வாயில் இருந்து பாயும் குண்டை) இறுக்கிப் பிடிக்கும் மடிப்பு லேசாகத்தான் இருக்கும். மற்ற அறைகளில் சுடும் உதைப்பில் ரவை மெல்ல முன்னே நகர்ந்து, சிலிண்டரையே முட்டி நிறுத்திவிடலாம். வாங்கும் பிராண்டில் ஏழு சுட்டுவிட்டு, எட்டாவதை எடுத்து அளந்து பாருங்கள். நீளம் மாறியிருந்தால் அந்தப் பிராண்டு வேண்டாம்.

வீட்டில் தயாரிப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 627. அது .357 மேக்னம் துப்பாக்கி, ஆனால் போட்டிக்காரர்கள் அதில் போடுவது பெரும்பாலும் .38 ஷார்ட் கோல்ட். மேக்னம் கூடு 33 மில்லிமீட்டர் நீளம், இது 19 சொச்சம். குட்டைக் கூடு என்பதால் சடக்கென்று உள்ளே போகும், ஒரே தட்டில் வெளியே கொட்டும். நேரான கூடு என்பதால் ஒட்டிக்கொள்ளும் வம்பும் இல்லை. ஒரு எச்சரிக்கை: போட்டிக்கான அளவில் தயாரித்த ஷார்ட் கோல்ட் தோட்டா .357-க்கென்று செய்த நவீன துப்பாக்கிக்கு மட்டுமே. தாத்தா காலத்து .38 ஒன்றில் யாரும் போட்டுப் பார்க்காதபடி பெட்டிமேல் எழுதி வையுங்கள்.

"627-க்கும் கடையில் .38 ஸ்பெஷல் கிடைக்குமே" என்று தோன்றும். பவர் ஃபேக்டர் என்பது ரவையின் கிரெயின் எடையை நொடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. வழக்கமான 158 கிரெயின் ஈய ரவைக்குப் பட்டியலில் போட்டிருக்கும் வேகம் 755 அடி. பெருக்கினால் 119 தான். 125 எட்டவில்லை என்றால் நீங்கள் சுடலாம், மதிப்பெண் கிடையாது. பெட்டி வாங்கும்போது இந்தப் பெருக்கலைக் கடையிலேயே போட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் அடுத்த செலவு டிரிக்கருக்கு. எல்லாக் குண்டும் டபுள் ஆக்‌ஷனில்தான், அதாவது சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்காமல் டிரிக்கரை முழுதாக இழுத்து. புதிதாக வருவது 10 முதல் 12 பவுண்டு இழுப்பு இருக்கும். நல்ல கன்ஸ்மித் கையில் 6, 7 பவுண்டுக்கு இறங்கும். இறக்க இறக்க சுத்தியலின் அடி பலவீனமாகும்; தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வெடிக்காது. ஃபெடரல் பிரைமர் மற்றவற்றைவிட மென்மையானது, ரிவால்வர்காரர்கள் அதைத் தேடி அலைவதற்குக் காரணம் இதுதான். ஒருமுறை அது கிடைக்காத சீசனில், கையில் இருந்த வேறு பிரைமரை வைத்துக்கொண்டு அசட்டுத் தைரியத்தில் போட்டிக்குப் போனேன். முதல் ஸ்டேஜில் மூன்று முறை 'க்ளிக்'. ரிவால்வரில் ஒரு சௌகரியம், மறுபடி டிரிக்கரை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். ஆனால் அன்றைக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் காது க்ளிக்கைத்தான் எதிர்பார்த்தது. முதல் வருடம் 8 பவுண்டிலேயே இருங்கள், கிடைக்கிற எதுவும் வெடிக்கும். பிடிக்குள்ளே ஸ்பிரிங்கை அழுத்தும் திருகாணியைத் தளர்த்தி இழுப்பைக் குறைக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். போட்டி நடுவே அது தானாகவே இன்னும் தளரும்.

மூன் கிளிப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு போட்டிக்கு இருபதாவது நிரப்பிக் கையில் இருக்கட்டும். கூட்டின் பிராண்டுக்கு ஏற்பக் கிளிப்பின் தடிமன் மாறும். ஒரே பிராண்டு கூடு, அதற்குப் பொருந்தும் கிளிப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிரிழை வளைந்தாலும் சிலிண்டர் உராயும், டிரிக்கர் திடீரென்று கல்லாகிவிடும். துப்பாக்கி ரிப்பேர் என்று நினைத்து கன்ஸ்மித்திடம் ஓடுபவர்களில் பலர் கொண்டுபோவது வளைந்த கிளிப்பைத்தான். காலிக் கிளிப்பை வீட்டில் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் குப்பைக்கு. நிரப்பியதைச் சோதிக்கத் துளை போட்ட அளவுக்கட்டை விற்கிறார்கள். இதெல்லாம் முந்தின நாளே முடியட்டும். சேஃப்டி ஏரியாவில் தோட்டாவைத் தொட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

குழல் நீளம் 5 அங்குலம் எனக்குப் பிடித்த நடுவழி. 929-இன் ஆறரை அங்குலம் நிதானமாகக் குறிவைக்க நல்லது. ஆனால் ஐ.டி.பி.ஏ என்ற இன்னொரு அமைப்பின் போட்டிப் பக்கமும் போகும் எண்ணம் இருந்தால் அங்கே ரிவால்வர் குழல் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நான்கு அங்குல 627 புரோவைப் பாருங்கள். ரூகரின் சூப்பர் ஜிபி100-ம் எட்டு தோட்டா, உறுதியான சாமான்தான். ஹோல்ஸ்டர், கிளிப், உதிரி என்று எல்லாமே ஸ்மித்துக்குத்தான் முதலில் வரும் என்பதால் நான் இந்தப் பக்கம் சாய்கிறேன்.

சரி, நண்பரின் 686. ஐகோர் என்று ரிவால்வருக்கு மட்டுமேயான போட்டி ஒன்று இருக்கிறது. அதன் கிளாசிக் பிரிவு ஆறு தோட்டா, ஸ்பீடுலோடர் (ஆறையும் பிடித்து ஒரேயடியாக உள்ளே விடும் கருவி) மட்டும், மூன் கிளிப் கிடையாது. அந்த 686-க்கென்றே எழுதியது போல இருக்கும். பவர் ஃபேக்டரும் 120 போதும், ஆனால் மேலே சொன்ன 119 அதற்கும் பத்தாது. அதை இரவல் வாங்கும் முன், காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு, சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி டிரிக்கரை மெதுவாக இழுங்கள். ஆறு அறையும் சுத்தியல் விழுவதற்கு முன்பே 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். அழுத்தித் தள்ளினால் உள்ளே போகும் வகை ஸ்பீடுலோடர் ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். குமிழைத் திருகும் வகை மலிவு, ஆனால் மெதுவானது. காலிக் கூடுகளைத் தட்டும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும். இல்லையென்றால் எரியாத மருந்துத் துகள், கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் சிலிண்டர் மூடாது. நான்கு ஐகோர் போட்டி சுட்டுவிட்டும் ரீலோட் அலுக்கவில்லை என்றால் 627-க்குப் பணம் கட்டுங்கள்.