வேப்பிலை என்று ஒடிப்பது எந்த மரம்?

கேள்வி: என் ஆறு வயது மகளுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தின் இலையைப் படுக்கையைச் சுற்றி வைத்திருக்கிறோம். அதை அரைத்து உள்ளுக்கும் கொடுக்கச் சொல்கிறார் என் மாமியார். அம்மைக் கிருமியைக் கொல்லும் சக்தி இலைக்கு உண்டுதானே?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், அம்மா. முதலில் அந்த மரத்தைப் போய்ப் பாருங்கள். டர்பனில் நாம் வேப்பிலை என்று சொல்லித் தோரணத்துக்கு ஒடிப்பது பெரும்பாலும் சிரிங்கா, தமிழில் மலைவேம்பு. என் பாட்டி வீட்டு வாசலில் நின்றதும் அதுதான். மருந்துக்கடை வேலைக்குப் போன பிறகே எனக்கு அது தெரிந்தது. வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். சிரிங்காவில் அந்தக் காம்பு மறுபடியும் கிளைத்திருக்கும். வேம்பின் பூ வெள்ளை, இதன் பூ இளம் ஊதா. குளிர்காலத்தில் இலை கொட்டிய பின்னும் மஞ்சள் பழங்கள் குலைகுலையாகத் தொங்கினால் சந்தேகமே வேண்டாம், சிரிங்காதான். அந்தப் பழம் நஞ்சு. தின்ற பன்றிகள் செத்திருக்கின்றன.

சக்தி உண்டா என்றால், ஆய்வுக்கூட அளவில் ஓரளவு உண்டு. அர்ஜென்டினா ஆய்வாளர்கள் இதே மலைவேம்பின் இலையிலிருந்து மெலியாசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதைக் கண்டார்கள். சின்னம்மை வைரஸும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது சுத்திகரித்து, அளந்து பயன்படுத்திய சாறு. உங்கள் அம்மியில் அரைத்த விழுதில் அந்தப் பொருள் எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று யார் அளப்பது? உண்மையான வேம்பாக இருந்தாலும் என் பதில் இதுதான். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதுண்டு.

படர்தாமரைக்கு இலைப் பூச்சு கேட்கிறதே என்பீர்கள். அது பூஞ்சை, அதன் கதை வேறு. படர்தாமரை தோலின் மேலடுக்கில் வாழ்வதால், சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசும்போது அதிலுள்ள கிரைசோஃபேனிக் அமிலம் நேராகப் பூஞ்சையின் மேலேயே படுகிறது. (அதே பூஞ்சை தலைமுடியின் வேருக்குள் இறங்கிவிட்டால் பூச்சு எட்டாது, மாத்திரைதான் வேண்டும்.) வைரஸோ நம் செல்லுக்குள் புகுந்து, செல்லின் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. தோலில் தடவும் இலை அங்கே போய்ச் சேராது.

மகளின் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். அம்மையின்போது அது குழந்தைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும். மூச்சு வாங்கினாலோ எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தள்ளி இருக்கட்டும்.

அம்மனுக்கென்று படுக்கையைச் சுற்றி வைத்த இலை அப்படியே இருக்கலாம். மரம் சிரிங்கா என்றால், உதிர்ந்து கிடக்கும் பழங்களை மட்டும் உங்கள் மகள் எழுந்து கொல்லைக்கு விளையாட வருவதற்குள் கூட்டி அள்ளிவிடுங்கள்.