ஒளிப்படக் கேள்வி பதில்: ரா கோப்புகளும் மொத்தத் திருத்தமும்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடைப்பட்ட எல்லை ஊர்களிலிருந்து வந்தவை. எழுதியவர்களில் பலர் கல்யாணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். புதியவர்களுக்கு: ரா கோப்பு என்பது சென்சார் பதிந்ததைக் கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு; லைட்ரூம் என்பது அதைத் திருத்தும் மென்பொருள்.

கேள்வி: ஐயா, வேலந்தாவளத்தில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் காலையில் கேரள முறைப்படி கோயிலில் தாலிகட்டும் மாலையில் தமிழ்நாட்டு மண்டபத்தில் வரவேற்பும் நடப்பதுண்டு. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரா கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. லைட்ரூமில் ஒரு படத்தைத் திருத்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘சிங்க்’ கொடுத்தால் சில நன்றாக வருகின்றன. சில நீலம் பாய்ந்தும் சில வெளுத்தும் போகின்றன. விலைக்கு வாங்கிய பிரிசெட்டும் (ஆயத்தத் திருத்தத் தொகுப்பு) கைகொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்துவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. திருத்தத் தொடங்குவதற்கு முன் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தத் திருத்தம் என்பது ஒரு படத்துக்குக் கொடுத்த கட்டளைகளை அப்படியே மற்ற படங்களுக்கும் கொடுப்பது. அந்தப் படங்கள் எந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டன என்பதை ‘சிங்க்’ கேட்பதில்லை. ஆகவே தேறாதவற்றைக் கழித்த பிறகு, ஒரே ஒளியில் எடுத்தவற்றை ஒரு கூட்டமாக நீங்கள்தான் பிரித்துத் தர வேண்டும். கோயில் நடையில் திறந்த வெயிலில் எடுத்தவை ஒரு கூட்டம். ஓட்டுக்கூரை நிழலில் எடுத்தவை இன்னொன்று. அலங்கார அறையில் ட்யூப்லைட்டின் கீழ் எடுத்தவை வேறு. வரவேற்பு மேடையில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தவையும் போடாமல் எடுத்தவையும் தனித்தனி. பலர் மாலை மாற்றல், தாலிகட்டு, விருந்து என்று சடங்கின் வரிசையில் பிரிக்கிறார்கள். ஆல்பத்துக்கு அது சரி, திருத்தத்துக்குச் சரியல்ல. தாலிகட்டின் நடுவில் வெயிலை மேகம் மறைத்திருந்தால் அது ஒரே சடங்கானாலும் இரண்டு கூட்டம்.

நீலம் பாய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் சரிசெய்தல்) தேர்வுக் கருவியை மணமகளின் கசவுப் புடவையிலோ (பொன்கரையிட்ட கேரளப் புடவை) மணமகனின் முண்டிலோ (கேரள வேட்டி) வைத்து அழுத்தியிருக்கக்கூடும். கசவுத் துணி பார்வைக்கு வெள்ளைபோலத் தோன்றினாலும் வெளுக்காத பருத்தியின் இளமஞ்சள் அதில் இருக்கிறது. அதுதான் நிறமற்ற இடம் என்று மென்பொருளுக்குக் காட்டினால், அந்த மஞ்சளைக் கழிப்பதற்காகப் படம் முழுவதிலும் நீலத்தை ஏற்றிவிடும். முகங்களும் உடன் சேர்ந்து நீலம் பாயும். கடையில் வாங்கிய பளீர் வெள்ளை வேட்டியில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அத்தகைய துணிகளில் சேர்க்கப்படும் ஒளிர்பொருள் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்வதால், அதில் அழுத்தினால் படம் மஞ்சளாகும். மணமக்கள் வீட்டார் இரண்டு பக்கமும் நிற்கும் ஒரே குழுப் படத்தில் இந்த இரண்டு வெள்ளையும் அருகருகே இருக்கும் என்பதுதான் நம் எல்லைப் பக்கத்துக் கல்யாணத்தின் சங்கடம். கிரே கார்டு (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) ஒன்று வாங்கி, ஒளி மாறும் இடத்திலெல்லாம் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸை அதிலிருந்து எடுக்கலாம். ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டும் எல்லைக்கல்லாகவும் அது நிற்கும். நிலவிளக்கின் (குத்துவிளக்கு) முன் எடுத்த படங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை முழுதாகப் பின்பற்ற வேண்டாம். எண்ணெய்த் திரியின் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின், அதாவது ஆழ்ந்த ஆரஞ்சு. அதை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் விளக்கு ஏற்றியதற்கே பொருள் இல்லாமல் போகும்.

இப்படி மாற்றுவதால் படத்துக்குக் கேடு வருமோ என்ற அச்சம் வேண்டாம். ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. சென்சார் பதிந்த எண்களை அது தொடுவதில்லை. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள் உண்டு. 8 பிட் ஜேபெக்கில் நிறத்துக்கு 256 தான். திருத்தக் கட்டளைகளும் தனியாகவே சேமிக்கப்படுகின்றன. நூறு முறை மாற்றினாலும் மூலம் அப்படியே இருக்கும்.

அடுத்து, எதைப் பகிர்வது என்பது. ‘சிங்க்’ அழுத்தியதும் வரும் பட்டியலில் எல்லாப் பெட்டிகளிலும் டிக் போட்டுவிடுவதே நான் அதிகம் காணும் பிழை. ப்ரொஃபைல் (அடிப்படை நிறத் தோற்றம்), ஒயிட் பேலன்ஸ், டோன் கர்வ் (ஒளி-நிழல் வளைவு), லென்ஸ் திருத்தம் ஆகியவை ஒரு கூட்டத்துக்குப் பொதுவாக இருக்கக்கூடியவை. நாய்ஸ் (படத்தில் தெரியும் சொரசொரப்பான புள்ளிகள்) குறைப்பை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஒன்றாக இருக்கும் படங்களுக்குள் மட்டும் பகிருங்கள். க்ராப், சாய்வு நிமிர்த்தல், கரும்புள்ளி நீக்கம், பிரஷ்ஷால் வரைந்த மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தக் குறித்த இடம்) ஆகியவை அந்த ஒரு படத்துக்கு மட்டுமே உரியவை; மணமகளின் கன்னத்துப் பருவை நீக்கிய வட்டம் அடுத்த படத்தில் அவளுடைய மூக்குத்தியை விழுங்கிவிடலாம். ஆளையோ வானத்தையோ தானாகக் கண்டறியும் மாஸ்க் மட்டும் விதிவிலக்கு. அது ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்கிடப்படும். ஆனால் கூட்டம் நிறைந்த மேடையில் யாரை ஆளாக எடுத்துக்கொண்டது என்பதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தேர்ந்தெடுத்தவற்றுள் சற்று வெளிச்சமாகத் தெரியும் சட்டத்தில் இருப்பதே முதன்மைப் படம். அதன் கட்டளைகள்தான் மற்றவற்றுக்குப் போகும். ‘ஆட்டோ சிங்க்’கை வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது நல்லது. அது இயங்கிக்கொண்டிருப்பதை மறந்து ஒரு படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால், தேர்வில் உள்ள இருநூறும் ஓசையில்லாமல் மாறிவிடும்.

பிரிசெட்டைப் பொறுத்தவரை, அது வேறொருவர் வேறோர் இடத்தில் வேறோர் ஒளியில் எடுத்த முடிவுகளின் தொகுப்பு. அதை விற்பவர்கள் காட்டும் மாதிரிப் படங்கள் எல்லாம் மாலை வெயிலில் எடுத்தவையாகவே இருப்பது தற்செயல் அல்ல. சொந்தமாக ஒன்று செய்துகொள்ளுங்கள். அதைச் சேமிக்கும்போது ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) ஆகிய இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டால் எந்தக் கூட்டத்தின் மேலும் அச்சமின்றிப் போடலாம்.

மேடையில் தூய நீல எல்இடி விளக்கு மட்டும் முகத்தில் விழுந்த படங்களை இந்த முறையாலும் மீட்க முடியாது. சிவப்பு ஒளியே அங்கு இல்லாதபோது தோலின் நிறத்தைச் சென்சார் எங்கிருந்து பதியும்? அவற்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுப்பதே மரியாதை.

கேள்வி: கொல்லங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். நெம்மாறா வல்லங்கி வேலா திருவிழாவில் வரிசையாக நிற்கும் யானைகளை அபெர்ச்சர் பிரையாரிட்டியில் எடுத்தேன். ஒரே வெயில்தான். இருந்தும் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் இருக்கிறது. ஒயிட் பேலன்ஸ் சரியாகிறது, வெளிச்சம் சமமாகவில்லை.

பதில்: அபெர்ச்சர் பிரையாரிட்டியில் லென்ஸ் திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமராவே முடிவு செய்கிறது. ஒளி மாறவில்லை, கேமராவின் மதிப்பீடுதான் மாறியிருக்கிறது. சட்டகத்தைக் கரிய உடல் நிறைத்தபோது கேமரா இருட்டென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டியது. பொன்னிற நெற்றிப்பட்டம் நிறைத்தபோது குறைத்தது. எக்ஸ்போஷர் எண்ணைச் ‘சிங்க்’ செய்தால் இந்த வேற்றுமை அப்படியே நீடிக்கும். லைட்ரூம் கிளாசிக்கின் டெவலப் பகுதியில், செட்டிங்ஸ் பட்டியலில் ‘மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்’ என்றொரு கட்டளை இருக்கிறது. அது ஒவ்வொரு படத்தின் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கணக்கிட்டு, முதன்மைப் படத்தோடு சமப்படுத்தும். ஒளி உண்மையிலேயே மாறாத இடத்தில் மட்டுமே அது பொருந்தும். ஃப்ளாஷ் படங்களுக்கு உதவாது. நெற்றிப்பட்டத்தின் பளபளப்பு முற்றிலும் வெளுத்துப் பதிவாகியிருந்தால் எந்தக் கட்டளையும் அதைத் திருப்பித் தராது. அடுத்த ஆண்டு வெயில் நிலையாக இருக்கும் நேரத்தில் மேனுவலில் (எல்லா அளவையும் நீங்களே வைக்கும் முறை) எடுங்கள். இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: சித்தூரில் நானும் நண்பரும் ஆளுக்கொரு கேமராவில் எடுக்கிறோம். குடும்பத்தார் ஆல்பத்துக்கான படங்களை எண் எழுதிக் கொடுத்தார்கள். அச்சாகி வந்த ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் வேறு படம் இருந்ததால் பெரிய மனவருத்தம் ஏற்பட்டது. இதைத் தவிர்ப்பது எப்படி? (சித்தூர் என்றால் ஆந்திரம் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்.)

பதில்: கேமராவின் எண்ணிக்கை பெரும்பாலும் 9999க்குப் பிறகு மீண்டும் 0001இல் தொடங்குகிறது. இரண்டு கேமராக்கள் ஒரே தயாரிப்பாக இருந்தால் 0451 என்ற பெயரில் இரண்டு படங்கள் இருப்பது இயல்பு. ஆகவே கணினியில் ஏற்றும்போதே தேதி, நேரம், கேமராவுக்கு ஓர் எழுத்து, வரிசை எண் என்ற முறையில் பெயர் மாற்றிவிடுங்கள். அதன் பிறகுதான் குடும்பத்துக்கான சிறிய ஜேபெக் நகல்களை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அப்போது அவர்கள் எழுதும் பெயரும் உங்கள் ரா கோப்பின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். அவர்கள் தரும் பட்டியலை லைபிரரி ஃபில்டரின் தேடல் கட்டத்தில் காற்புள்ளி இட்டு ஒட்டினால், அந்தப் படங்கள் மட்டும் வந்து நிற்கும். லைட்ரூமில் ஏற்றிய பிறகு பெயர் மாற்ற வேண்டியிருந்தால் அதை லைட்ரூமுக்குள்ளேயே செய்யுங்கள்; விண்டோஸ் ஃபோல்டரில் போய் மாற்றினால் படம் காணவில்லை என்று அது சொல்லும்.

இரண்டு கேமராக்களின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால், நேர வரிசையில் அடுக்கும்போது தாலிகட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை வரவேற்பு வரும். புறப்படும் முன் கைப்பேசியில் நொடி காட்டும் கடிகாரத்தை இரண்டு கேமராக்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எடிட் கேப்சர் டைம்’ கட்டளையில் அந்த ஒரு படத்தின் நேரத்தைத் திருத்தினால், தேர்ந்தெடுத்த மற்றவையும் அதே அளவு நகரும்.

கேள்வி: கோவிந்தாபுரத்திலிருந்து. படங்களை வேறொரு ஹார்ட் டிஸ்கிற்கு மாற்றினேன். லைட்ரூமில் ஃபோல்டர்களில் கேள்விக்குறி வருகிறது. வாரந்தோறும் பேக்கப் எடுத்துவருகிறேன். அதிலிருந்து படங்களை மீட்கலாமா?

பதில்: இரண்டு செய்திகளைப் பிரித்துச் சொல்கிறேன். முதலாவது, உங்கள் படங்கள் எங்கும் போகவில்லை. லைட்ரூமின் கேட்டலாகில் படங்கள் கிடையாது; அவை எந்த டிஸ்கில் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற முகவரியும் திருத்தக் கட்டளைகளும்தான் இருக்கின்றன. நீங்கள் வெளியே நகர்த்தியதால் முகவரி பொய்த்திருக்கிறது. கேள்விக்குறியிட்ட ஃபோல்டரில் வலது க்ளிக் செய்து, ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ மூலம் புதிய இடத்தைக் காட்டினால் திருத்தங்களோடு இணைந்துவிடும். அவசரப்பட்டு மறுபடியும் இம்போர்ட் செய்யாதீர்கள்; திருத்தமில்லாத இரட்டைகள் சேரும். வெளி டிஸ்கைக் கழற்றி மாட்டும்போது விண்டோஸ் வேறு எழுத்தைக் கொடுத்துவிட்டாலும் இதே குறி தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது செய்தி கசப்பானது. லைட்ரூம் வாரந்தோறும் எடுக்கும் பேக்கப்பில் கேட்டலாக் மட்டுமே உண்டு. ஒரு படம்கூட இல்லை. டிஸ்க் பழுதானால் கட்டளைகள் மிஞ்சும், அவற்றைப் பொருத்துவதற்குப் படம் இருக்காது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஆயிரம் ரா கோப்புகள் ஏறத்தாழ 25 முதல் 30 ஜிபி வரை வரும். இன்றைய டிஸ்க் விலையில் அதற்கு இரண்டாவது நகல் வைத்துக்கொள்வதும், மூன்றாவதை வேறொரு கட்டடத்தில் வைப்பதும் ஒரு கல்யாணத்தின் முன்பணத்துக்குள் அடங்கும். இரண்டு நகல்களையும் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். கேட்டலாக் அமைப்பில் மாற்றங்களை எக்ஸ்எம்பி கோப்பில் தானாக எழுதும் வசதியையும் இயக்கிவிடுங்கள். கேட்டலாகே கெட்டாலும் திருத்தங்கள் படத்தின் பக்கத்திலேயே இருக்கும். கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் (கோப்பை நகலெடுக்காமல் வைக்கும் மாற்று வடிவங்கள்) மட்டும் அதில் வராது.

கேள்வி: மீனாட்சிபுரத்தில் கல்லூரி மாணவி. கேமராத் திரையில் பளிச்சென்று தெரியும் படம், கணினியில் திறந்த ஒரு நொடியில் மங்கிவிடுகிறது. கேமராவில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. கேமராத் திரையில் நீங்கள் காண்பது, ரா கோப்புக்குள் கேமரா தன் ரசனைப்படி செய்து வைத்திருக்கும் சிறிய ஜேபெக். மென்பொருள் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு ராவிலிருந்து தானே உருவாக்கியதைக் காட்டுகிறது. ப்ரொஃபைல் பட்டியலில் கேமராவின் பெயரில் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தால் பழைய தோற்றத்துக்கு மிக நெருங்கிவிடலாம்.

கேள்வி: வாளையாறில் பகுதிநேரமாகப் படம் எடுக்கிறேன். மாதச் சந்தா கட்ட இயலாது. இலவச மென்பொருளில் மொத்தத் திருத்தம் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். டார்க்டேபிளில் ஒரு படத்தின் ஹிஸ்டரியை (திருத்த வரலாற்றை) நகலெடுத்து, தேர்ந்தெடுத்த மற்றவற்றில் ஒட்டலாம். எந்த மாட்யூல்கள் (திருத்தக் கருவிகள்) மட்டும் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் வசதி உண்டு. ராதெரப்பியில் படங்களை வரிசையில் போட்டுவிட்டு எழுந்துபோனால், கணினி தன் வேகத்தில் ஜேபெக்காக மாற்றிக்கொண்டிருக்கும். பழைய இயந்திரத்துக்கு இது பெரிய வசதி. கேனான், நிக்கான் நிறுவனங்களும் தங்கள் கேமராக்களுக்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. ஒன்றில் செய்த நிறத் திருத்தம் மற்றொன்றில் திறக்காது. ஆகவே ஒரு கல்யாணத்தின் வேலை நடுவில் இருக்கும்போது மென்பொருளை மாற்றாதீர்கள். எதில் செய்தாலும் லேபுக்கு அனுப்பும் கோப்பை, அவர்கள் வேறு கேட்டாலொழிய, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 12க்கு 36 அங்குல ஆல்பத் தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 10,800க்கு 3,600 பிக்சல் தேவை. 6,000 பிக்சல் அகலமுள்ள ஒரே படத்தைத் தாள் முழுதும் விரித்தால் அங்குலத்துக்கு 167தான் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது பெரும்பாலும் போதும், ஆனால் அந்தப் படத்தை அதற்கு மேல் க்ராப் செய்ய இடமில்லை.